பழைய மரப்படகைச் சரிசெய்யலாமா, விட்டுவிடலாமா? மலை ஊரில் சோதிக்கும் முறை

கொடைக்கானல் பக்கம் பழைய பங்களா ஷெட்டில் தேக்குத் துடுப்புப் படகு ஒன்று சும்மா கிடைக்கிறது என்றால் உடனே வண்டி பிடிக்காதீர்கள். பெயின்ட் உரிந்து கிடப்பது பெரிய கோளாறு அல்ல. புதிதாகப் பளபளவென்று அடித்து வைத்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கொடைக்கானல் ஏரியை உருவாக்கியபோது முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. கடல் படகுக்கு ஒரு வசதி உண்டு: உப்பு ஏறிய மரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. மலையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இங்கே படகைக் கெடுப்பது பெரும்பாலும் மேலிருந்து விழுந்து உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர்தான்.

1. அனுமதி. ஏரியில் சொந்தப் படகு இறக்க விடுவார்களா என்று முதலில் விசாரியுங்கள். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

2. காயவிடுதல். படகைக் கவிழ்த்து, சமமான மூன்று கட்டைகள்மேல் நிழலில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் பலகை வெடிக்கும். தார்ப்பாயைப் படகின்மேல் ஒட்டப் போட்டால் உள்ளே வியர்த்துவிடும். கம்பு கட்டி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். ஈரம் பார்க்கும் மீட்டரில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும்வரை பூஞ்சை உயிரோடு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. குத்திப் பார்த்தல். முடிவு இங்கேதான். சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கேட்டால் நல்லது. 'தொப்' என்று கேட்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளச் சிம்பாக எழும்பும். உளுத்தது ஊட்டி வர்க்கி மாதிரி குறுக்கே உதிரும். முதலில் பார்க்க வேண்டியவை: அமரப் பலகையின் (படகின் பின்பக்கத்தை மூடும் பலகை) கீழ் மூலைகள், அணியத்தில் (முன்முனை) பலகைகள் முடியும் நுனிகள், இருக்கைக்கு அடியில், வங்குக்கால்கள் (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களின் அடி) ஏராவை (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை) தொடும் இடம். பலகையின் நடுப்பகுதி கடைசியாகத்தான் கெடும். அதை மட்டும் தட்டிக் காட்டி "தேக்கு சார், கல்லு மாதிரி" என்பார்கள்!

4. ஆணி. காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் செம்பாக இருக்கலாம், நல்ல சேதி. இரும்பு என்றால், சுற்றிலும் மரம் கறுத்த இடத்தில் ஒன்றைப் பிடுங்குங்கள். தடிமன் பாதியாகத் தேய்ந்திருந்தால் எல்லா ஆணியையும் மாற்றும் கணக்கைப் போடுங்கள்.

5. ஏரா நேராக இருக்கிறதா? அணியம் முதல் அமரம் வரை நூல் பிடியுங்கள். நேர் ஏரா கொண்ட 14 அடிப் படகில் ஓர் அங்குலத்துக்கு மேல் வளைவு தெரிந்தால் விட்டுவிடுவதே மேல். கட்டும்போதே வளைத்த ஏராவும் உண்டு. அதில் வளைவு சீராக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும்.

6. கணக்கு. வங்குகளில் நாலில் ஒரு பங்குக்குள் உடைந்திருந்தால் பக்கத்தில் துணை வங்கு வைத்துச் சமாளிக்கலாம். ஏரா, அணியக்கட்டை, அமரப் பலகை மூன்றில் இரண்டு உளுத்திருந்தால் அது பழுதுபார்ப்பு அல்ல, புதுப்படகு கட்டுவது. மாற்றுப் பலகை ஒன்று 14 அடி நீளம், 6 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன் என்றால் 0.44 கன அடி. கழிவு சேர்த்து 0.65 வாங்க வேண்டும். சுலபமாகக் கிடைக்கிறதே என்று சில்வர் ஓக் போடாதீர்கள், ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும்.

"மேலே ஃபைபர் ஒட்டினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். பழைய மரம் ஈரத்துக்கேற்ப ஊதிச் சுருங்கும்; ஃபைபர் அப்படி அசையாது. ஒட்டு விட்ட இடத்தில் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள் உளுக்கும். எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் பசை) வைக்கிற வேலையையும் உறைபனி இரவுகளில் தொடாதீர்கள்; பெரும்பாலான சாதாரண வகைகள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது.

7. ஊறவைத்தல். காய்ந்த படகு முதல்நாள் ஒழுகத்தான் செய்யும். ஒழுகுகிறதே என்று பொருத்துகளில் பஞ்சை இறுக்கி அடைத்தால், பலகை ஊதும்போது வங்கை முறித்துவிடும். ஆழமில்லாத ஓரத்தில் கட்டிப்போட்டு, உள்ளேயும் சிறிது தண்ணீர் விட்டு, மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு இறைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து, எந்தப் பொருத்தில் இன்னும் கசிகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். பொருத்துகளில் பஞ்சு அடைக்கும் கலப்பத்து வேலை அந்த இடங்களுக்கு மட்டும் போதும்.