முன்சக்கரத்தில் 'டக் டக்' சத்தம்: என் அனுபவம்

வாரண்டி முடிந்த என் காரில், வேகத்தடையிலும் சின்னக் குழிகளிலும் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கை), ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றச் சொல்லி 22,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். எது தேய்ந்திருக்கிறது, காட்டுங்கள் என்றேன். பட்டறைக்குள் ஆளை விடமாட்டோம் என்றார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அப்புறம் சிங்காநல்லூரில் ஒரு தனி மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைத் தூக்கி, ஒவ்வொரு இணைப்பையும் கம்பியால் நெம்பி அசைத்துப் பார்த்தார். “ஆர்ம் நல்லாத்தானுங்க இருக்குது. லிங்க் ராடுதான் ஆடுது, நீங்களே பிடிச்சுப் பாருங்க” என்றார். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னக் கம்பி அது. அதன் முனையிலுள்ள பந்து மூட்டு தேய்ந்தால் இப்படித்தான் தட்டும். ஜோடியாக மாற்றினோம், ஒரிஜினல் பார்ட்ஸ், கூலியோடு 2,400 ரூபாய். சத்தம் அன்றைக்கே நின்றது.

அதற்காக எல்லாவற்றுக்கும் வெளியே போகமாட்டேன். ஏர்பேக், வாரண்டி, ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) என்றால் கம்பெனிதான். ரீகால் வேலைக்குக் காசும் கிடையாது. சஸ்பென்ஷன், பிரேக் பேட், கிளட்ச் போன்ற தேய்மான வேலைக்குத் தேய்ந்த பாகத்தைக் கண்ணில் காட்டுகிற மெக்கானிக்கைத் தேடுங்கள். பில்லில் பார்ட் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.