வெயில் கொட்டும் அறைக்கு என்ன கலர் அடிக்கலாம்?

மதுரையில் எங்கள் மாடி அறை மேற்குப் பார்த்தது. இரண்டு பெரிய ஜன்னல், மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வரும் வெயில் ஆறு மணி வரை கிளம்பாது. முதல் தடவை பெயின்ட் அடித்தபோது, ஷேட் கார்டில் தபால்தலை அளவுக் கட்டத்தில் சாதுவாக இருந்த எலுமிச்சை மஞ்சளைக் காட்டி, "இதையே போடுங்கண்ணே" என்று பெயின்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வேலை முடிந்த அன்று சாயங்காலம் மாடிக்கு வந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "என்னடா, காமாலைக்காரன் மாதிரி இருக்கே?" என்றார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்குக் கண்ணில் கோளாறு இல்லை, கோளாறு சுவரில்தான். இரண்டு வருஷம் அதிலேயே குடியிருந்துவிட்டு மறுபடி அடித்தபோது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால், லீவு நாள் ஒன்றில் காலை எட்டு மணி, உச்சி, மாலை நாலு, இரவு என்று நான்கு தடவை அறைக்குள் போய் எந்தச் சுவரில் வெயில் நேராக விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஜன்னல் என்றால் காலையோடு ஆட்டம் முடிந்துவிடும். மேற்கு என்றால் பொழுது சாயச் சாய வெளிச்சமே மஞ்சளாகி, பிறகு சிவக்கும். 'வடக்குப் பார்த்த அறையில் வெயிலே வராது' என்று இணையத்தில் படிப்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, ஆகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கம்தான் நிற்கும். அதனால் மே, ஜூனில் வடக்கு ஜன்னலிலும் காலை மாலை சாய்வெயில் அடிக்கும். தெற்கு ஜன்னலுக்கு மார்கழி, தையில் பங்கு வரும்.

அப்புறம் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? எதிர்வீட்டுச் சுவர் கிளிப்பச்சை என்றால் அந்தப் பச்சையில் கொஞ்சம் உங்கள் வீட்டுக்குள்ளும் வரும். தரை ரெட் ஆக்சைடு என்றால் அதில் பட்டுத் தெறிக்கிற வெயில், வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதியை ரோஸாக்கிவிடும்.

நாலு கலரைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று வெளிச்சத்தை வீசுவதால், கார்டில் பார்த்ததைவிட அறையில் கலர் தூக்கலாகத் தெரியும். அதனால் பிடித்த கலரில் கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி இருக்கும் ஷேடை எடுங்கள். சில கம்பெனி ஷேட் புத்தகங்களில் எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கும், சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது. சுத்த வெள்ளைக்கு 85க்குப் பக்கம் வரும், வெயில் அறையில் அது கண்ணைக் கூசும். 55க்கும் 70க்கும் நடுவில் இருந்தால் போதும் என்பது என் கணக்கு.

மேற்கு அறைக்கு மஞ்சள், ஆரஞ்சு, பீச் வேண்டாம். சாம்பல் பச்சை, நீலம் கலந்த சாம்பல், இல்லையென்றால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை. சுண்ணாம்பில் ஒரு சொட்டு நீலம் போட்டு அடித்தார்களே, மஞ்சளைக் கொல்லத்தான், அதே சங்கதி. கிழக்கு அறைக்குச் சந்தனக் கலர்கூடப் பரவாயில்லை.

நீலம் அடித்தால் அறை குளிரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூடு ஜன்னல் வழியாகவும் மொட்டைமாடி வழியாகவும் இறங்குகிறது. அதற்கு மாடித் தரையில் வெள்ளை அடிக்கணும், ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டணும்.

சாம்பிள் பார்க்காமல் அடிக்காதீர்கள்

இந்த ஒரு வேலையைத்தான் நான் முதல் தடவை செய்யவில்லை. சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, தடித்த வெள்ளைச் சார்ட்டில் ஓரமாக இரண்டு அங்குலம் விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, காய்ந்தால் கலர் மாறும். பழைய சுவர்மேல் நேராக அடித்துப் பார்ப்பதும் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் பழைய கலர் கண்ணை ஏமாற்றும். சார்ட்டை டேப்பால் ஒட்டி, சுவர் சுவராக மாற்றி மூன்று நாள் பாருங்கள். என் சாம்பல் பச்சை காலையில் சிமென்ட் மாதிரி உயிரில்லாமல் கிடந்தது, வேண்டாம் என்றே நினைத்தேன். நாலு மணி வெயில் பட்டதும் உலர்ந்த வேப்பிலை நிறத்துக்கு வந்தது. இரவு டியூப்லைட்டில் லேசாக நீலம் அடித்தது, மஞ்சள் பல்புக்கு மாறியதும் சரியாகிவிட்டது. ஆக பல்பையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

பளபளப்பு

ஜன்னலை ஒட்டிய சுவரில் வெளிச்சம் பக்கவாட்டில் வழியும்போது பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளமெல்லாம் அலை அலையாகத் தெரியும், பளபளப்பான எமல்ஷன் அதை இன்னும் காட்டிக்கொடுக்கும். அங்கே பளபளப்பில்லாத மேட் பெயின்ட் போடுங்கள். பிரைமருக்கு முன்னால் ராத்திரி லைட்டை அணைத்து, போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு தெரிகிற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டால் மறுநாள் அண்ணன் உப்புத்தாளால் தேய்த்துவிடுவார். நான் பதினேழு வட்டம் போட்டேன், அவர் முகத்தைப் பார்க்கணுமே!

மொத்தப் பெயின்ட்டையும் ஒரே தடவை கலக்கி வாங்குங்கள். டப்பா மூடியில் இருக்கும் ஷேட் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அரை லிட்டரை மிச்சம் பிடித்து இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆணி பிடுங்கின ஓட்டையை அடைக்க உதவும்.