பீப் சத்தம் கேட்டதா? ஸ்மார்ட் கார்டு பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்டு எடுத்த முதல் மாதத்திலேயே நான்கு முறை எனக்குக் கூடுதல் கட்டணம் போனது. புகார் கொடுக்கப் போனபோது நான்கிலுமே தவறு என்னுடையதுதான் என்றார்கள். இரண்டில் அது உண்மை. மற்ற இரண்டைப் பிறகு சொல்கிறேன்.

பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் புதிதாக ஸ்மார்ட் கார்டு வரும்போது முதல் சில மாதங்கள் எல்லோருமே திணறுவார்கள். கண்டக்டர் திணறுவார், கவுன்ட்டரில் இருப்பவர் திணறுவார். பணம் போவது மட்டும் பயணியின் பையிலிருந்து. எங்கெங்கே சறுக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் மிச்சம்.

குழப்பத்துக்கெல்லாம் வேர் ஒன்றுதான். கார்டை நாம் டிக்கெட் என்று நினைத்துக்கொள்கிறோம். டிக்கெட் வாங்கும்போதே போகும் இடத்தைச் சொல்லிக் காசைக் கொடுத்துவிடுகிறோம், அதோடு கணக்கு தீர்ந்தது. கார்டுக்கோ நாம் எங்கே போகிறோம் என்று தெரியாது. ஏறும் இடத்தில் ஒரு பதிவு, இறங்கும் இடத்தில் ஒரு பதிவு, நடுவில் உள்ள தூரத்துக்குக் கட்டணம். இரண்டாவது பதிவு விழாவிட்டால் கணக்கு திறந்தே கிடக்கும். அதை இயந்திரம் தன் வசதிக்கு மூடிக்கொள்ளும். பெரும்பாலும் அதிகபட்சக் கட்டணத்தைப் போட்டு.

கேட் திறந்திருந்தாலும் தொட வேண்டும்

என் முதல் தவறு இதில்தான். அன்று ஏதோ விளையாட்டுப் போட்டி முடிந்து நிலையத்தில் ஏகக் கூட்டம். நெரிசலுக்குப் பயந்து ஊழியர்கள் எல்லா கேட்டையும் திறந்து வைத்துவிட்டார்கள். ஜனத்தோடு ஜனமாக நானும் வெளியே வந்தேன். கேட் ஓரத்தில் கார்டைப் படிக்கும் ரீடரின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, கண்ணில் பட்டது, கை மட்டும் போகவில்லை. மறுநாள் பேலன்ஸைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இந்த விஷயத்தில் நெதர்லாந்தின் ஓவி-சிப்கார்ட் முறை கறாரானது. ரயில் ஏறக் கார்டைத் தொட்டதுமே வழக்கமாக 20 யூரோ, பஸ், டிராம், மெட்ரோ என்றால் 4 யூரோ என்று முன்பணமாகப் பிடித்துவைத்துவிடுவார்கள். இறங்கித் தொட்டால் உண்மையான கட்டணம் போக மீதி திரும்பும், மறந்தால் அவ்வளவுதான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ரயில் ஓட்டுபவை பல கம்பெனிகள். ஒரே நிலையத்தில் ஒரு கம்பெனியின் ரயிலிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், முதல் கம்பெனியின் ரீடர் கம்பத்தில் வெளியேறியதாகத் தொட்டு, அடுத்ததன் கம்பத்தில் மறுபடி நுழைந்ததாகத் தொட வேண்டும். அவசரத்தில் கம்பம் மாறிப்போனால் இரண்டு கணக்கும் குழம்பும்.

பஸ்ஸில் விதி ஊருக்கு ஊர் வேறு. லண்டன் பஸ்ஸில் ஏறும்போது தொட்டால் போதும், இறங்கும்போது தொடவே கூடாது. சிங்கப்பூர் பஸ்ஸில் இரண்டு தடவையும் தொட வேண்டும். மெல்பர்ன் டிராமில் ஏறும்போது தொட்டாலே போதும். ஒரு ஊரில் படிந்த பழக்கத்தை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனால் நஷ்டம்தான். புது ஊரில் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "இறங்கும்போது தொடணுமா?" என்பது. கட்டணப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வான்கூவர் நகரம் இதில் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தொடும் முறை வேகமாகவும் நம்பகமாகவும் வேலை செய்யாது என்று தெரிந்ததும், 2015 அக்டோபரில் பஸ் பயணம் முழுவதையும் ஒரே மண்டலக் கட்டணமாக்கி, இறங்கும்போது தொடும் வேலையையே எடுத்துவிட்டார்கள். பயணிகளுக்கு அறிவுரைப் பலகை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, தொட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால்? பலரும் உடனே இன்னொரு முறை தொடுகிறார்கள். முதல் தொடுதல் பதிவாகியிருந்தால், இரண்டாவதைச் சில ரீடர்கள் வெளியேறியதாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் உள்ளே இருக்கும் நீங்கள் கணக்கில் வெளியே இருப்பீர்கள். மறுபடி தொடுவதற்கு முன் திரையைப் பாருங்கள். ஒற்றை பீப்புக்கும் தொடர் பீப்புக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நாளில் காதுக்குப் பழகிவிடும்.

ஒரே வங்கிக் கணக்கு, ஆனால் இரண்டு கார்டு

இரண்டாவது தவறும் என்னுடையதே. தெரியாமல் செய்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். காலையில், வங்கிக் கார்டைச் சேர்த்து வைத்திருந்த போனை ரீடரில் வைத்து ரயில் ஏறினேன். இறங்கும்போது போன் பைக்குள் எங்கோ கிடந்தது. அதே வங்கிக் கார்டுதானே என்று பர்ஸிலிருந்து பிளாஸ்டிக் கார்டை எடுத்துத் தொட்டேன். கேட்டும் மறுப்பே சொல்லாமல் திறந்தது. கடைசியில் இரண்டு முழுமையடையாத பயணம், இரண்டு கூடுதல் கட்டணம்.

காரணம் இதுதான். வங்கிக் கார்டைப் போனில் சேர்க்கும்போது கார்டின் உண்மையான எண் போனில் ஏறுவதில்லை. அதற்கு மாற்றாக வேறொரு எண் உருவாகிறது. ரீடருக்குத் தெரிவது அந்த எண் மட்டுமே. பணம் ஒரே கணக்கிலிருந்து போனாலும், போன் ஒரு பயணி, பிளாஸ்டிக் கார்டு இன்னொரு பயணி, கைக்கடிகாரத்திலும் சேர்த்திருந்தால் மூன்றாமவர். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று உச்சவரம்பு வைத்திருக்கும் ஊர்களில் இந்தத் தவறு இன்னும் வலிக்கும். பயணங்கள் இரண்டு எண்களில் பிரிந்து கிடந்தால் எதுவுமே வரம்பைத் தொடாது.

இதன் தம்பி, பர்ஸோடு சேர்த்துத் தொடுவது. லண்டனில் 2012 டிசம்பரில் பஸ்களிலும் 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலிலும் வங்கிக் கார்டு செல்லுபடியானபோது, பர்ஸுக்குள் அந்த ஊர்ப் பயணக் கார்டான ஆய்ஸ்டரும் வங்கிக் கார்டும் அருகருகே இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்தது. நுழையும்போது ரீடர் ஒன்றைப் பிடிக்கும், வெளியேறும்போது மற்றொன்றைப் பிடிக்கும். கார்டு மோதல் என்று சொல்லி நிலையங்களில் அறிவிப்பே செய்தார்கள். வைத்தியம் எளிது. பயணக் கார்டைத் தனியாக வெளியே எடுங்கள்.

ஆட்டாதீர்கள், வையுங்கள்

கார்டுக்குள் பேட்டரி கிடையாது. உள்ளே, பெரும்பாலும் விளிம்பை ஒட்டி, மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஓடுகிறது. ரீடர் வெளிவிடும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்துதான் சிப்புக்கு மின்சாரமே கிடைக்கிறது. அந்த அரை நொடிக்குள் சிப் விழித்து, தன்னை அடையாளம் காட்டி, பேலன்ஸைச் சொல்லி, புதிய பேலன்ஸை எழுதி முடிக்க வேண்டும். விசிறுவதுபோல ஆட்டினால் பாதி எழுதும்போதே மின்சாரம் போய்விடும்.

ஜப்பானில் சுயிக்கா கார்டு 2001 நவம்பரில் வருவதற்கு முன் நடந்த சோதனைகளில் இதைத்தான் கண்டார்கள். ஆளுக்கொரு விதமாகக் கார்டைப் பிடித்தார்கள், கேட் திறக்கவில்லை. வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமனாகா பல கோணங்களில் சோதித்துப் பார்த்து, ரீடரின் முகத்தைப் பயணியை நோக்கி 13.5 டிகிரி சாய்த்தார். சாய்ந்த பரப்பைக் கண்டதும் கை தானாகக் கார்டை அதன்மேல் வைத்தது. மேலே தொங்கவிட்ட அறிவிப்புப் பலகை எதுவும் செய்யாத வேலையை அந்தச் சிறு சாய்வு செய்தது.

கழுத்துக் கயிற்றில் மாட்டுவதற்காகக் கார்டில் துளை போடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் துளை கம்பிச் சுருளில் விழுந்தால் கார்டு அன்றோடு செத்தது. உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

ரீச்சார்ஜ் செய்த பணம் எங்கே போனது?

மூன்றாவது சம்பவம். வீட்டிலிருந்தே இணையத்தில் ரீச்சார்ஜ் செய்துவிட்டுத் தெம்பாகக் கிளம்பினேன். பஸ்ஸில் தொட்டால் பேலன்ஸ் போதாது என்கிறது. வங்கியிலிருந்து பணம் போன குறுஞ்செய்தி கையில் இருக்கிறது, கார்டில் பணம் இல்லை. இறக்கி விடாமல் தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள், அதுவும் கூடுதலாக.

பல கார்டு முறைகளில் பேலன்ஸ் இருப்பது சிப்புக்குள். இணையத்தில் கட்டிய பணம் அலுவலகக் கணினிக்குப் போய், அங்கிருந்து ரீடர்களுக்குப் போய், நீங்கள் ஏதாவது ஒரு ரீடரைத் தொடும்போதுதான் கார்டில் ஏறும். நிலையத்து ரீடர்கள் இணைப்பிலேயே இருப்பதால் சீக்கிரம் தகவல் வாங்கிவிடும். பழைய பஸ் ரீடர்களில் பலவற்றுக்கு இரவு டிப்போவுக்குத் திரும்பினால்தான் புதுத் தகவல் கிடைக்கும். அதனால்தான் சில இடங்களில் ஒரு நாள், சில இடங்களில் பல நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அவசரத்துக்கு நிலையத்து இயந்திரத்திலோ கவுன்ட்டரிலோ ரீச்சார்ஜ் செய்வதே நல்லது, அங்கே பணம் கையோடு சிப்பில் எழுதப்படும். ஆனால் இதைத் தெரிந்து வைத்திருப்பது பயணியின் கடமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரீச்சார்ஜ் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுத வேண்டிய செய்தி அது. எனக்கு அது விதிமுறைகளின் அடிவாரத்தில்தான் கிடைத்தது.

பேலன்ஸைக் கார்டில் வைக்காமல் மையக் கணினியில் வைத்தால் இந்தத் தாமதம் போய்விடும். ஆனால் வேறு தலைவலி வரும். சிங்கப்பூரில் 2024 ஜனவரி 9 அன்று, பழைய கார்டு முறையை ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டு, பெரியவர்கள் எல்லோரும் சிம்ப்ளிகோ என்ற முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். அதில் கணக்கு மையக் கணினியில் இருப்பதால், கேட்டைக் கடக்கும்போது பிடித்த கட்டணமும் மீதியும் அப்போது திரையில் வரவில்லை, செயலியில்தான் பார்க்க வேண்டியிருந்தது. பயணிகள் கொதித்துப்போனார்கள். ஜனவரி 22 அன்று முடிவைத் திரும்பப் பெற்று, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கினார்கள். திரையில் தெரியும் இரண்டு எண்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்தது.

உங்கள் தவறு அல்லாதவை

மெல்பர்னில் மைக்கி கார்டு 2009 டிசம்பர் கடைசியில் நகர ரயில்களில் மட்டும் வந்தது. டிராமுக்கும் பஸ்ஸுக்கும் 2010 ஜூலையில்தான். நடுவில் ஏழு மாதம், ரயிலிலிருந்து இறங்கி டிராம் ஏறுபவர் என்ன செய்வார்? சிட்னியில் 2000 ஒலிம்பிக்ஸுக்கு முன்பே வரவேண்டிய கார்டுத் திட்டம் இழுத்துக்கொண்டே போய், 2008இல் ஒப்பந்தமே ரத்தானது. பிறகு ஓபல் கார்டை 2012 டிசம்பரில் ஒரே ஒரு படகு வழித்தடத்தில் தொடங்கிப் படிப்படியாக விரித்தார்கள்.

இப்படிப்பட்ட காலத்தில் பயணிகள் செய்யும் பெரிய தவறு, பழைய டிக்கெட்டை முதல் நாளே கைவிடுவது. இரண்டும் செல்லும் காலம் என்றால் இரண்டையும் வைத்திருங்கள். அடுத்தது, கார்டைப் பதிவு செய்யாமல் விடுவது. பதிவில்லாத கார்டு தொலைந்தால் அதிலுள்ள பணத்தைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். சலுகைக் கட்டணம் உள்ளவர்கள் அது கார்டில் ஏறியிருக்கிறதா, எப்போது காலாவதி என்றும் பார்த்துவிடுங்கள்.

நான்காவது சம்பவத்தில் வெளியேறும் வழியிலிருந்த ஒரே ரீடர் அணைந்து கிடந்தது. நல்லவேளை, படம் எடுத்து வைத்தேன். நிலையத்தின் பெயர், நேரம், ரீடர்மேல் ஒட்டியிருந்த எண் எல்லாம் அதில் தெரிந்தது. இப்படி நடந்தால் அன்றைக்கே புகார் போடுங்கள், கட்டணத் திருத்தம் கேட்கக் கெடு உண்டு.

நானும் அன்றைக்கே போட்டேன். நான்கு புகாரில் இரண்டுக்குப் பணம் திரும்பி வந்தது. கேட்டை மறந்ததற்கும் போன் மாற்றித் தொட்டதற்கும். அணைந்த ரீடரும் வராத ரீச்சார்ஜும் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன.