குரோமோசோம்களை எண்ணும்போது சென்ட்ரோமியரைப் பாருங்கள்

செல் பகுப்புப் பாடத்தில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் நிலைகளின் பெயர்களை மறப்பதால் அன்று. குரோமோசோம்களையும், இரட்டிப்படைந்த குரோமோசோமின் இரு ஒத்த இழைகளான குரோமாட்டிட்களையும் குழப்பிக்கொள்வதால்தான். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: படத்தில் எத்தனை சென்ட்ரோமியர்கள் (இரு குரோமாட்டிட்களும் சேர்ந்திருக்கும் இடங்கள்) தெரிகின்றனவோ, அத்தனையே குரோமோசோம்கள்.

மனித உடல் செல்லை எடுத்துக்கொள்வோம். இரு பகுப்புகளுக்கு நடுவே வரும் இடைக்காலத்தின் எஸ் நிலையில் டி.என்.ஏ. இரட்டிப்படைந்தாலும், ஒவ்வொரு இணைக் குரோமாட்டிட்களும் சென்ட்ரோமியர் பகுதியில் சேர்ந்தே இருப்பதால், குரோமாட்டிட்கள் 92 ஆனபோதும் குரோமோசோம்களின் எண்ணிக்கை 46 ஆகவே நிற்கிறது. உடல் செல்கள் பகுப்படையும் முறையான மைட்டாசிஸில், குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸிலும் இதே கணக்குத்தான். அடுத்த நிலையான அனாஃபேஸில் சென்ட்ரோமியர்கள் பிளந்து குரோமாட்டிட்கள் பிரிந்தவுடன், ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோமாகிவிடுவதால், அந்தச் சிறு பொழுதில் மட்டும் ஒரே செல்லுக்குள் 92 குரோமோசோம்கள் இருக்கும். பலர் தவறவிடும் இடம் இதுவே. சைட்டோபிளாசம் பிரிந்த பின் சேய் செல்களுக்குத் தலா 46 கிடைக்கின்றன.

இனச்செல்களை உருவாக்க இரு பகுப்புகளாக நடக்கும் மியாசிஸிலும் இந்த விதி கைகொடுக்கும். முதல் பகுப்பின் அனாஃபேஸில் சென்ட்ரோமியர்கள் பிளப்பதில்லை. ஒத்திசைவான குரோமோசோம்களே (தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமான இணைகள்) ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. எனவே ஒவ்வொரு துருவத்துக்கும் 23 குரோமோசோம்கள், அதாவது 46 குரோமாட்டிட்கள், செல்கின்றன. இரண்டாம் பகுப்பில்தான் சென்ட்ரோமியர்கள் பிளக்கின்றன.

படம் வரையும்போது மனிதனின் 46 குரோமோசோம்களையும் வரைய முயல வேண்டாம். நான்கு குரோமோசோம்கள் கொண்ட கற்பனைச் செல் போதும். தந்தைவழி வந்தவற்றை ஒரு நிறத்திலும் தாய்வழி வந்தவற்றை வேறொரு நிறத்திலும் தீட்டி, ஒவ்வொரு படத்தின் அடியிலும் சென்ட்ரோமியர்களின் எண்ணிக்கையை எழுதிவிடுங்கள்.