கவாத்துக் கத்தரிக்கு ஒரு பக்கம்தான் சாணை

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். இந்த உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காது, கவாத்துக் கத்தரி எம்மாத்திரம்? நவம்பர் கடைசியில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்வோம். அதற்கு முன்பே கத்தரியைத் தீட்டிவிடுங்கள். மழுங்கின கத்தரி தண்டை வெட்டாது, நசுக்கும்.

முதலில் அழுக்கு. பலாக்கிளை வெட்டிய பிசின் தண்ணீருக்கு அசையாது. பலாச்சுளை எடுக்கும்போது கையில் தடவுவோமே, அதே தேங்காய் எண்ணெய்தான் இதற்கும். தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடையுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

அப்புறம் நடு போல்ட்டைக் கழற்றுங்கள். கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கைக் கையால் பொத்திக்கொள்ளுங்கள். என்னுடையது துள்ளிக் குரோட்டன்ஸ் தொட்டிக்குள் போனது.

இனி சாணை. வெட்டும் அலகில் ஒரு பக்கம் சரிவாக இருக்கும், மறுபக்கம் தட்டை. சரிவை மட்டும்தான் தீட்ட வேண்டும். நான் முதல் தடவை இரண்டு பக்கமும் தேய்த்தேன். அலகுகளுக்கு நடுவே சந்து விழுந்து, தண்டு வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போனது. கத்தரி வீண். வளைந்த கீழ் அலகில் கல்லே படவேண்டாம்.

சரிவு முழுக்கக் கறுப்பு மார்க்கரைப் பூசுங்கள். நனைத்த சாணைக்கல்லைச் சரிவோடு படியவைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே திசையில் பத்துப் பதினைந்து தடவை இழுங்கள். மை எல்லா இடத்திலும் ஒரே சீராக அழிந்தால் சரி. விளிம்பில் மட்டும் அழிந்தால் கல்லைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். கோணத்தை அளக்கத் தேவையில்லை. கம்பெனி போட்ட சரிவே வழிகாட்டும்.

தட்டைப் பக்கம் மெல்லிய பிசிறு எழும்பியிருக்கும். அந்தப் பக்கம் கல்லைப் படுக்கவைத்து, ஒன்றிரண்டு தடவை இழுத்தால் போய்விடும். கூர் பார்க்க விரல் வேண்டாம், செய்தித்தாளை வெட்டிப் பாருங்கள்.

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்கலாமா என்றால், நான் கொடுக்க மாட்டேன். சூட்டில் அலகு நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம் போச்சு.

திரும்பப் பூட்டும்போது போல்ட்டை அலகு ஆடாத அளவுக்கு முடுக்குங்கள்; திறந்து மூடக் கை வலிக்கவும் கூடாது. மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் இங்கே ஆகாது, நாளாக ஆகப் பிசுக்கு ஏறும். வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் ஈரம் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். எங்கள் வீட்டில் அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது, யாரும் மொட்டை மாடியில் மறந்து வைப்பதில்லை.