உருளை வைத்த பக்கிள்: நாயின் நெஞ்சுப் பட்டை வாரை வீட்டிலேயே தைப்பது எப்படி?

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறையின் நெஞ்சுப் பட்டை நடுரோட்டில் அறுந்தது. பூனை ஒன்று குறுக்கே ஓடியது, அவன் பாய்ந்தான், கையில் வெறும் கயிறும் பாதிப் பட்டையும்தான் மிஞ்சின. நல்லவேளை, எதிரே வந்த வேன் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து அறுந்த பட்டையை எடுத்துப் பார்த்தேன். பக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முள் நேராக இருந்தது, சட்டம் வளையவில்லை. அறுந்தது தோல், அதுவும் தினமும் நான் பூட்டிய அந்த மூன்றாவது ஓட்டையில்.

அதற்குப் பிறகு வார் தைக்கக் கற்றுக்கொண்டேன். கற்றதில் முதல் பாடம் இதுதான்: பக்கிளின் தரத்தை அதன் இரும்பில் மட்டும் தேடாதீர்கள், அது தோலை எப்படி வளைக்கிறது என்று பாருங்கள். சாதாரண பக்கிளுக்கும் உருளை வைத்த பக்கிளுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த வளைவில்தான் இருக்கிறது.

உருளை என்ன செய்கிறது?

பக்கிளைக் கையில் எடுங்கள். தோலை மடித்துத் தைக்கும் பக்கம் ஒரு கம்பி இருக்கும். முள் அதில்தான் சுழலும். இதைப் பின்கம்பி என்போம். எதிர்ப்பக்கம், முள்ளின் நுனி சாய்ந்து உட்காருவது முன்கம்பி. உருளை பக்கிளில் இந்த முன்கம்பி மேல் ஒரு சிறு குழாய் கோத்திருக்கும். விரலால் உருட்டினால் உருளும். மாற்றம் இவ்வளவுதான்.

வாரை இறுக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். வார் முன்கம்பிக்கு அடியில் நுழைந்து, மேலே வந்து, வந்த திசைக்கே திரும்புகிறது. அரை வட்டம், 180 பாகை. கயிற்றைத் தூணில் சுற்றி இழுத்தால் பிடிமானம் பலமடங்கு கூடுவதுபோல, இங்கேயும் உராய்வு பெருகும். தோலுக்கும் உலோகத்துக்கும் இடையே உராய்வுக் கெழுவை 0.4 என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் பக்கம் 1 கிலோ இறுக்கம் கிடைக்க இந்தப் பக்கம் சுமார் 3.5 கிலோ இழுக்க வேண்டும். அந்த அதிகப்படி இழுவை அத்தனையும் ஏற்கெனவே ஓட்டை போட்டு வலுக் குறைந்த தோலின் மேல் விழுகிறது. காலையும் மாலையும், வருடக்கணக்காக.

உருளை இருந்தால் தோல் கம்பியின் மேல் தேயாது. குழாய் தோலோடு சேர்ந்து உருளும். உரசல் குழாய்க்கும் கம்பிக்கும் இடையே, உலோகத்தோடு உலோகமாக நடக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. கம்பி 3.5 மி.மீ. தடிமன் என்றால் குழாய் 6 மி.மீ. வரை இருக்கும். வளைவு அகலமாகும், தோலின் மேல்பக்கம் வெடிப்பது தள்ளிப்போகும்.

19-ஆம் நூற்றாண்டில் வண்டிக் குதிரைகளை நம்பி ஊர்கள் ஓடியபோது, சேணப் பக்கிளை மேம்படுத்தியதாகச் சொல்லி அமெரிக்காவில் ஏராளமான காப்புரிமைகள் பதிவாயின. தையல் வேண்டாம், முள் வேண்டாம், ஒரே கையால் கழற்றலாம் என்று ஆளுக்கொரு வழி. இங்கிலாந்தின் வால்சால் நகரம் சேணத்துக்கும் பக்கிளுக்கும் பேர்போனது. அந்த ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு இன்றைக்கும் ‘சேணக்காரர்கள்’ என்றுதான் செல்லப்பெயர். அத்தனை புதுமைகள் வந்தும், முள்ளும் உருளையும் கொண்ட எளிய பக்கிள் இன்றும் குதிரை லாயங்களில் இருக்கிறது. சேறு பட்டாலும் மாட்டிக்கொள்ளாது, கெட்டுப்போக அதில் அதிகம் எதுவும் இல்லை. புதிதாகத் தைக்க வருகிறவருக்கு இதைவிட நல்ல பக்கிள் எனக்குத் தெரியவில்லை.

வாங்க வேண்டியவை

25 மி.மீ. வார் நுழையும் உருளை பக்கிள் ஒன்று. கடையில் ‘ஒரு இஞ்ச் ரோலர் பக்கிள்’ என்று கேளுங்கள். சென்னையில் பெரியமேட்டில் தோலும் பக்கிளும் ஒரே தெருவில் கிடைக்கும். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, சட்டத்தின் கம்பி சேரும் இடம் பற்றவைத்து மூடியிருக்க வேண்டும். வெறுமனே வளைத்துவிட்ட பக்கிளில் மயிரிழை இடைவெளி தெரியும். பாரம் வந்தால் அந்த வாய் திறந்துகொள்ளும். இரண்டு, பித்தளை என்று சொல்லி விற்பது பித்தளைதானா என்பது. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. ஒட்டாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், துத்தநாகக் கலவை வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. உட்பக்கம் கத்தி முனையால் லேசாகக் கீறுங்கள். கீறலும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளையாக வந்தால் துத்தநாகக் கலவை. அந்த வார்ப்பு வளையாமல் சட்டென்று உடையும். பாரம் தாங்கும் வாருக்கு வேண்டவே வேண்டாம். மழையில் அதிகம் நனையும் என்றால் எவர்சில்வர் பக்கிள் கிடைத்தால் விடாதீர்கள்.

தோல், 3 முதல் 3.5 மி.மீ. கனத்தில், மரப்பட்டை போட்டுப் பதப்படுத்தியது. குரோமியம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் இழுக்க இழுக்க நீளும். நம் ஊரில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட மரபு நெடுநாளையது. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று உலகச் சந்தைக்குப் போனதும், புவிசார் குறியீடு பெற்றதும் அதுதான். ஆனால் ஆட்டுத்தோல் வாருக்கு மெல்லியது, மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல் கேளுங்கள். முதுகுப் பகுதியிலிருந்து வெட்டியதாக இருக்கட்டும், வயிற்றுப் பகுதித் தோல் தொளதொளவென்று நீளும்.

மற்றவை: கூரான கத்தி, இரும்பு ஸ்கேல், குத்தூசி, 5 மி.மீ. ஓட்டை போடும் பஞ்ச், மரச் சுத்தி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, 0.8 அல்லது 1 மி.மீ. மெழுகு நூல், தேன்மெழுகு, விளக்கெண்ணெய் கொஞ்சம்.

அளந்து வெட்டுவது

முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து அளவெடுங்கள். இரண்டு விரல் உள்ளே நுழையும் தளர்வு வேண்டும். எங்கள் வீட்டு ஆளுக்கு 64 செ.மீ. வந்தது. இது பின்கம்பியிலிருந்து நடு ஓட்டை வரையான தூரம். இதோடு மடித்துத் தைக்க 7.5 செ.மீ. நடு ஓட்டைக்கு அப்பால் இன்னும் இரண்டு ஓட்டைக்கு 5 செ.மீ., வால் நுனிக்கு 7 செ.மீ. கூட்டினால் 83.5. நான் 84 வெட்டினேன்.

25 மி.மீ. அகலத்துக்கு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே வேகத்தில் இழுத்து வெட்டாமல் மூன்று நான்கு முறை மெதுவாகக் கீறி வெட்டுங்கள். பக்கிளுக்குள் வார் உரசாமல் போக வேண்டும். இறுக்கமாக இருந்தால் அரை மி.மீ. சீவிவிடுங்கள். வால் நுனியைக் கூர்மையாக்கி, பிறகு நான்கு விளிம்பையும் லேசாகச் சீவி உருட்டிவிடுங்கள். சிப்பிப்பாறைக்கு மயிர் குட்டை, கூரான விளிம்பு அக்குளில் அறுத்துவிடும்.

முள்ளுக்கு நீள ஓட்டை

புதியவர்கள் பெரும்பாலும் தப்பு செய்யும் இடம் இது, அதனால் நிதானமாகப் படியுங்கள். பக்கிள் வரும் முனையிலிருந்து 75 மி.மீ. தள்ளி, தோலின் அடிப்பக்கம் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். இதுதான் மடிப்பு. கோட்டுக்கு இந்தப் பக்கம் 12.5, அந்தப் பக்கம் 12.5 மி.மீ. என்று 25 மி.மீ. நீள ஓட்டை வேண்டும். நேரடியாகக் கத்தியால் சதுர மூலையாக வெட்டிவிடாதீர்கள், கிழிசல் அந்த மூலையிலிருந்துதான் கிளம்பும். இரண்டு முனையிலும் முதலில் 5 மி.மீ. வட்ட ஓட்டை போட்டு, பிறகு இரண்டையும் இணைத்து இரு நேர்வெட்டு. முனை வட்டமாக இருந்தால் இழுவிசை ஒரே புள்ளியில் குவியாது.

ஓட்டை குட்டையாகப் போனால் முள் முழுதாகத் திரும்பாது, ஒவ்வொரு முறை பூட்டும்போதும் தோலை நெம்பும். பக்கிளை மாட்டி, முள்ளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். எங்கும் தட்டக் கூடாது.

அடுத்து, மடிந்து அடியில் போகும் 75 மி.மீ. பகுதியை உட்பக்கமாகச் சீவி, நுனிக்குப் போகப் போகப் பாதிக் கனமாக மெலிதாக்குங்கள். மடிப்பு விழும் இடத்தை மட்டும் அதிகம் சீவ வேண்டாம். பாரம் முழுவதையும் தாங்குவது அந்த இடம். ஈரத்துணியால் மடிப்பை நனைத்து, பக்கிளைக் கோத்து மடித்து, கிளிப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காய்ந்த தோலை மடக்கினால் மேல்பக்கம் வெடிக்கும்.

வால் தொங்காமல் பிடிக்கும் வளையம்

14 மி.மீ. அகலத்தில் மெல்லிய தோல் துண்டு, 2 மி.மீ. கனம் போதும். நீளத்தைக் கணக்குப் போட்டால் 75 மி.மீ. அளவில் வரும், ஆனால் தோலுக்குத் தோல் கனம் மாறும். அதனால் மேல் வாரையும் அதன்மேல் படியும் வாலையும் சேர்த்து வைத்து, காகிதப் பட்டையால் சுற்றி அளவெடுங்கள். இரு முனையையும் ஒட்டினாற்போல் வைத்து இரண்டு தையல் போட்டால் வளையம் தயார். மேல் வாரில் கோத்து, தைத்த மூட்டு இரண்டு அடுக்குக்கும் நடுவில் மறையும்படி வையுங்கள்.

தையல்

மடிப்பிலிருந்து 15 மி.மீ. முதல் 30 வரை ஒரு தையல். 30 முதல் 46 வரை வளையத்துக்கு இடம். 46 முதல் 70 வரை மறுபடி தையல். எல்லாமே வாரின் நீளவாக்கில், இரு விளிம்பிலிருந்தும் 4 மி.மீ. உள்ளே தள்ளி. குறுக்கே மட்டும் தையல் போடாதீர்கள். வாரின் அகலம் முழுக்க ஓட்டை வரிசை விழுந்தால், அஞ்சல்தலையைக் கிழிப்பதுபோல அங்கேயே கிழியும்.

குத்தூசியால் 4 மி.மீ. இடைவெளியில் குத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் 50 செ.மீ. நூல், இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி. முதல் ஓட்டையில் நூலை நுழைத்து இரு பக்கமும் சமமாக விடுங்கள். அடுத்த ஓட்டையில் இடது ஊசி வலப்பக்கம் போகும், அதே ஓட்டையில் வலது ஊசி இடப்பக்கம் வரும். இரண்டையும் ஒரே அளவில் இழுத்து இறுக்குங்கள். கடைசியில் இரண்டு ஓட்டை பின்னால் வந்து நூலை வெட்டி, முனையைச் சூட்டில் உருக்கி அழுத்துங்கள். பாலியெஸ்டர் நூல் என்றால் மட்டும்.

இந்த இரட்டை ஊசித் தையல் நேரம் பிடிக்கும். முதல் முறை எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. ஆனாலும் மெஷின் தையலுக்கு மாறாதீர்கள். மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகள் வரிசையாக நெகிழும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றொன்று அதே ஓட்டைகள் வழியே ஓடிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தைக்கவே வராது என்பவர்களுக்குக் கான்வே பக்கிள் உண்டு. இரு வார் முனைகளிலும் ஓட்டை போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்தால் ஒரே முள் இரண்டையும் பிடிக்கும். அடிக்கடி கழற்றாத இடத்துக்கு நல்லது. தினம் இருமுறை பூட்டும் நெஞ்சு வாருக்கு என் தேர்வு உருளைதான்.

ஓட்டை, எண்ணெய், சோதனை

பின்கம்பி மடிப்பிலிருந்து 64 செ.மீ.யில் நடு ஓட்டை. அதன் இருபுறமும் 25 மி.மீ. இடைவெளியில் இரண்டிரண்டு, மொத்தம் ஐந்து. சரியாக நடுக்கோட்டில் விழ வேண்டும், ஓரம் தள்ளினால் பக்கிள் கோணலாக நிற்கும். முள் 4 மி.மீ. என்றால் 5 மி.மீ. பஞ்ச் போதும். விளிம்புகளில் தண்ணீர் தொட்டு, பழைய ஜீன்ஸ் துணியால் வேகமாகத் தேய்த்து, தேன்மெழுகு தடவி மறுபடி தேயுங்கள். அடிப்பக்கம் விளக்கெண்ணெயை ஒருமுறை லேசாகத் தடவுங்கள். ஊறவிடும் அளவுக்கு ஊற்றினால் தோல் தளர்ந்து நீளும்.

நாய்க்குப் போடும் முன் கட்டாயம் சோதியுங்கள். வாரைப் பூட்டி வளையமாக்கி உறுதியான கொக்கியில் மாட்டுங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கைப்பிடியை அதில் கோத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். இறக்கியபின் மூன்று இடம் பாருங்கள்: மடிப்பில் வெடிப்பு, முதல் தையலில் நூல் நெகிழ்வு, பாரம் தாங்கிய ஓட்டையில் நீட்சி. மூன்றும் சரியென்றால் போட்டுவிடலாம்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை அதே மூன்று இடங்கள். பித்தளை பக்கிளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பிடித்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். உருளைக்குள் மண் புகுந்து சுற்றாமல் நின்றால் தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், நின்றுபோன உருளையால் பயனில்லை. ஓட்டை வட்டம் மாறி நீண்டுவிட்டதா, அடுத்த ஓட்டைக்கு மாற்றிச் சமாளிக்காதீர்கள். தையலை அறுத்து பக்கிளை எடுத்துக்கொண்டு, புதுத் தோலில் மறுபடி 75 மி.மீ. கோட்டிலிருந்து தொடங்குங்கள்.