சிறு தீவில் இறங்கும் முன்: வானிலையையும் ஓடுபாதையையும் கணக்கிடுவது எப்படி?

பெரிய விமான நிலையத்தில் காற்று திசை மாறினால் இன்னொரு ஓடுபாதை இருக்கும். அதுவும் சரிவராவிட்டால் பக்கத்து ஊருக்குத் திரும்பலாம். சிறு தீவில் பெரும்பாலும் ஓடுபாதை ஒன்றுதான், சுற்றிலும் கடல். அதனால் வானிலை அறிக்கையைப் படிக்கும்போதே ‘இறங்க முடியுமா’ என்ற கணக்கையும் கையோடு போட்டுவிட வேண்டும். பயிற்சி விமானிகளுக்கும் சிமுலேட்டரில் பறந்து பழகுபவர்களுக்கும் அந்தக் கணக்கைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: வரம்பை முதலில் எழுதுங்கள்

அறிக்கையைத் திறக்கும் முன்பே ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: தாங்கக்கூடிய குறுக்குக் காற்று, பின்காற்று, குறைந்தபட்சப் பார்வைத் தூரம், தரையிறங்கத் தேவையான நீளம். உதாரணமாக, செஸ்னா 172எஸ் விமானத்துக்குச் சோதனையில் செய்துகாட்டப்பட்ட அதிகபட்சக் குறுக்குக் காற்று 15 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). புதியவர்கள் அதற்கும் கீழேதான் வைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கையைப் பார்த்த பிறகு வரம்பு வைத்தால், எப்படியாவது போய்விட வேண்டும் என்ற ஆசை அந்த எண்ணை நகர்த்திவிடும்.

படி 2: மெட்டாரைப் பிரித்துப் படியுங்கள்

விமான நிலையத்தின் அப்போதைய வானிலையைச் சொல்லும் குறியீட்டு அறிக்கைதான் மெட்டார். பயிற்சிக்காக நான் அமைத்த ஒரு வரி இது. எழுத்துகளை ஒலிப்படி தந்திருக்கிறேன்:

120830இசட் 14018ஜி30கேடி 4000 எஸ்எச்ஆர்ஏ பிகேஎன்012 27/25 கியூ1008

12ஆம் தேதி, உலகப் பொது நேரம் 08:30. காற்று 140 டிகிரியிலிருந்து 18 நாட், இடையிடையே 30 நாட் வரை வீச்சு. பார்வைத் தூரம் 4,000 மீட்டர், மழைத்தூறல் அல்ல, விட்டுவிட்டுப் பெய்யும் மழை. வானத்தை எட்டுப் பங்காக வைத்தால் ஐந்து முதல் ஏழு பங்கு வரை மேகம், அதன் அடி தரையிலிருந்து 1,200 அடி. வெப்பநிலை 27, பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருந்தால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, மேகம் இன்னும் தாழலாம். கடைசி எண், உயரமானியில் வைக்க வேண்டிய அழுத்தம்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும். 27 டிகிரி வெப்பமும் 1008 அழுத்தமும் சேர்ந்தால், கடல் மட்டத்தில் இருக்கும் ஓடுபாதையிலும் விமானம் ஏறக்குறைய 1,600 அடி உயரத்துக்குரிய காற்றில்தான் பறக்கும். திரும்பிக் கிளம்பும்போது ஓட்டம் நீளும்.

படி 3: காற்றை ஓடுபாதையோடு பொருத்துங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். ஓடுபாதை 09 என்றால் அது ஏறக்குறைய 90 டிகிரியை நோக்குகிறது. காற்று 140. இடைக்கோணம் 50. அந்தக் கோணத்தைக் கடிகார நிமிடமாக நினைத்துக்கொள்ளுங்கள்: 15 நிமிடம் கால் பங்கு, 30 அரைப் பங்கு, 45 முக்கால், 60க்கு மேல் முழுக் காற்றும் குறுக்கே. 50 என்றால் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 18 நாட்டில் 15. துல்லியமாகப் போட்டால் 14தான் வரும், ஆனால் மனக்கணக்கு பாதுகாப்பான பக்கம் சாய்வது நல்லதே. வீச்சுக்குத் துல்லியக் கணக்கில் 23 நாட். சராசரிக் காற்றுக்கு இறங்கலாம் போலத் தோன்றுகிறது, வீச்சு வரம்பைத் தாண்டிவிடுகிறது. வீச்சை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பலர் தவறவிடுவது இதுதான்: மெட்டாரின் காற்றுத்திசை உண்மை வடக்கைக் கொண்டது, ஓடுபாதை எண் காந்த வடக்கைக் கொண்டது. அந்தத் தீவில் காந்த ஒதுக்கம், அதாவது இரண்டு வடக்குகளுக்கும் இடையிலான கோணம், மேற்கே 10 டிகிரி என்றால், 140 என்பது ஓடுபாதைக் கணக்கில் 150 ஆகிவிடும். கோணம் 60, குறுக்குக் காற்று கிட்டத்தட்ட 16. வரம்புக்குள் இருந்த சராசரிக் காற்றே வெளியே போய்விட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரேடியோவில் சொல்லும் காற்று மட்டும் காந்த வடக்கைக் கொண்டது, அதற்கு இந்தத் திருத்தம் வேண்டாம்.

படி 4: கருவி பார்க்காததைத் தேடுங்கள்

தானியங்கி நிலையம் தன் தலைக்கு மேலுள்ள மேகத்தைத்தான் அளக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடல்மேல் நிற்கும் மழைத்திரை அதில் விழாமல் போகலாம். செயற்கைக்கோள் படத்தையும் பாருங்கள். டாஃப் எனப்படும் விமான நிலைய வானிலை முன்னறிவிப்பில் ‘டெம்போ’ என்று வந்தால், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நீடிக்கும் மாற்றம் என்று பொருள். நீங்கள் சேரும் நேரத்தில்தான் அது வரும் என்றே கணக்கு வையுங்கள்.

அப்புறம் வரைபடத்தில் குன்றுகள். காற்று வரும் பக்கம் குன்றோ செங்குத்துப் பாறையோ இருந்தால், அதன் மறுபக்கத்தில் காற்று கீழிறங்கிச் சுழலும். தெற்கு அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா விமான நிலையத்தில், 2016 சோதனைப் பறப்புகளில் ஓடுபாதையை நெருங்கும்போது காற்றின் வேகமும் திசையும் சட்டென மாறுவது தெரியவந்தது. வழக்கமான பயணிகள் சேவை 2017 அக்டோபரில்தான் தொடங்க முடிந்தது.

படி 5: ஓடுபாதையின் நிலை

ஓடுபாதையின் நிலையை அறிவிக்க, 2021 நவம்பர் 4 முதல் உலகப் பொது முறை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஓடுபாதையை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை எண் தருவார்கள். 6 உலர்ந்தது. 5 ஈரம், நீர் 3 மில்லிமீட்டர் வரை. அதற்கு மேல் நீர் தேங்கினால் 2. ‘5/5/2’ என்றால் மூன்றாவது பகுதியில் தண்ணீர் நிற்கிறது. எழுத்து அறிவிப்பில் இந்த வரிசை சிறிய எண்ணுள்ள முனையிலிருந்து தொடங்கும். 09இல் இறங்கினால் பிரேக் மிகவும் தேவைப்படும் கடைசிப் பகுதியே அந்த 2. கோபுரத்தில் சொல்வது நீங்கள் இறங்கும் திசையிலான வரிசை.

தேங்கிய நீரில் டயர் தரையைத் தொடாமல் மிதக்கத் தொடங்கும் வேகத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம்: டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்குங்கள். 36 பி.எஸ்.ஐ. என்றால் 54 நாட். சிறு விமானங்கள் தரையைத் தொடும் வேகத்துக்கு இது மிக அருகில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் பாரா தீவில் ஓடுபாதைகளே கடற்கரை மணல்தான். ஓத நீர் ஏறினால் அவை மூழ்கிவிடும், விமான நேரமே ஓதத்தைப் பொறுத்து மாறும்.

படி 6: திரும்பும் புள்ளி

மாற்று நிலையத்துக்குப் போக எரிபொருள் எதுவரை மிஞ்சும் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி குறியுங்கள். அந்த இடத்தில் புது மெட்டாரை வாங்கி, முதல் படியில் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். ஒன்று தாண்டினாலும் திரும்புங்கள். அருகில் மாற்றே இல்லாத தனித்த நிலையங்களுக்கு, டர்பைன் விமானங்கள் தீவின் மேல் இரண்டு மணி நேரம் பறக்கும் அளவு எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

படி 7: கண்ணால் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்

தீவை அடைந்ததும் உயரத்தில் ஒரு சுற்று வாருங்கள். இரு முனைகளிலும் காற்றுப் பைகள் இருந்தால் ஒரே திசையைக் காட்டுகின்றனவா, ஓடுபாதையில் நீர் மினுங்குகிறதா, பறவைகள் உண்டா என்று பாருங்கள். இறங்கியதும் பிரேக் எப்படிப் பிடித்தது, எந்த உயரத்தில் விமானம் ஆடியது என்பதை ரேடியோவில் சொல்லிவிடுங்கள். பின்னால் வருபவருக்கு அப்போது கிடைக்கும் ஆகப் புதிய தகவல் அதுதான்.